அத்தியாயம் 4: முதலில் டேப்பட், அடுத்து பாயின்ட், கடைசியில் கார்புரேட்டர்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் என்றதும், "அது நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும்" என்ற பேச்சு வந்துவிடும். இந்த அத்தியாயம் அதை ஏற்கவில்லை. இந்தக் கார்களில் கணினி கிடையாது. உள்ளே ஒளிந்திருந்து முடிவெடுக்கும் பாகம் எதுவும் கிடையாது. எந்தக் கோளாறை எடுத்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம், அல்லது கருவி வைத்து அளந்துவிடலாம். அளக்காமல், கைக்கு எட்டியதை எல்லாம் திருகிப் பார்ப்பதால்தான் நல்ல கார்களும் அடம்பிடிக்கும் கார்கள் ஆகின்றன.

எடுத்துக்காட்டாக எம்.ஜி.பி காரை வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார் இது. இன்ஜின் 1798 சி.சி., நான்கு சிலிண்டர், பி-சீரிஸ் குடும்பம். அக்குடும்பத்தின் 1489 சி.சி. இன்ஜின் நம் ஊர் அம்பாசடரிலும் ஓடியது, எம்.ஜி.ஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. பழைய அம்பாசடரின் டேப்பட்டைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு எம்.ஜி.பி அந்நியம் அல்ல.

பராமரிப்பை உரிமையாளரே கற்றுக்கொள்ள இப்போது இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் எம்.ஓ.டி. என்ற ஆண்டுச் சோதனை கட்டாயம் இல்லை. ஆனால் சாலையில் ஓட்டத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் கடமை அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அடியில் படுத்துப் பார்த்த சோதகரின் வேலை இனி உங்களுடையது. விரும்பினால் சோதனைக்கு இன்றும் கொண்டுபோகலாம், கொண்டுபோவது நல்லது.

வரிசை ஏன் முக்கியம்

ஓட்டம் சரியில்லை என்றால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான் விழுகிறது. பானட்டைத் திறந்ததும் கைக்கு எட்டுவது அதுதான். ஆனால் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி, தவறாக இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு அளவில் காற்றை இழுக்கும். அப்போது கார்புரேட்டரில் எந்த அமைப்பும் நிலைக்காது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி மாறினால் தீப்பொறி விழும் நேரம் மாறும். நேரம் மாறினால் ஐடிலிங் மாறும். அதைச் சரிக்கட்டக் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு தவறுக்கு மேல் இன்னொரு தவறு ஏறுகிறது. ஆகவே டேப்பட், பாயின்ட், டைமிங், கார்புரேட்டர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் இருந்த அளவை எழுதிவையுங்கள்.

கருவிகள்

எம்.ஜி.பி.யின் பெரும்பாலான போல்ட்டுகள் அங்குலக் கணக்கில் அமைந்தவை. ஏ.எஃப். ஸ்பேனர் செட் ஒன்று வேண்டும். 7/16, 1/2, 9/16 ஆகிய அளவுகள் அதிகம் பயன்படும். மில்லிமீட்டர் ஸ்பேனரை ஒப்பேற்றி மாட்டினால் போல்ட்டின் முனைகள் உருண்டுவிடும். இதற்கு முந்தைய கார்களுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் தேவை. எம்.ஜி. டி.சி. போன்றவற்றின் எக்ஸ்.பி.ஏ.ஜி. இன்ஜினில் போல்ட்டின் தலை விட்வொர்த், திருகுமறை மெட்ரிக். அங்கே கடையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு இறுக்கினால் இன்ஜினின் மறையே போய்விடும்.

இவற்றோடு ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், டைமிங் லைட், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன், உங்கள் கார் மாடலுக்கான ஒர்க்ஷாப் கையேடு ஆகியவை வேண்டும். காரின் அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மின்சாரம்: எர்த்தில் தொடங்குங்கள்

இந்தக் கார்களின் மின்பாகங்களில் பெரும்பகுதி பர்மிங்காமைச் சேர்ந்த லூகாஸ் நிறுவனம் செய்தது. விளக்கு மங்கினாலும் வைப்பர் தயங்கினாலும் அந்தப் பெயரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி பாகம் அல்ல, இணைப்பு. அரை நூற்றாண்டு ஈரத்தில் கிடந்த பித்தளை முனைகளில் பச்சை படிகிறது. எர்த் வயர் பிடிக்கும் இடத்தில் துரு ஏறுகிறது.

இன்ஜின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாய்ந்து அதைச் சுட வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கைப்பிடி சூடாகிறது என்றால் நேராக அந்தப் பட்டையைப் பாருங்கள். உதவிக்கு ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுழற்றட்டும். அப்போது இன்ஜின் உலோகத்துக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையின் இரு முனைகளையும் கழற்றி, உலோகம் மின்னும்வரை தேய்த்து, வாசலின் தடவி மாட்டுங்கள்.

வயர்களின் நிறம் ஒரு வரைபடம். பழுப்பு, பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் உள்ள வயர். வெள்ளை, சாவி போட்ட பிறகு உயிர் பெறுவது. வெள்ளை ஃப்யூஸைக் கடந்தால் பச்சை. பழுப்பு ஃப்யூஸைக் கடந்தால் ஊதா. கறுப்பு எர்த். சிவப்பு பக்க விளக்கு, நீலம் முகப்பு விளக்கு. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறையும் வயர் வழியே பின்தொடரலாம்.

மூன்று எச்சரிக்கைகள்:

- 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். பேட்டரி மாற்றும் முன், எலக்ட்ரானிக் இக்னிஷன் வாங்கும் முன், உங்கள் கார் எந்த வகை என்று உறுதிசெய்யுங்கள். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம்.
- பழைய லூகாஸ் ஃப்யூஸில் எழுதியுள்ள 35 ஆம்பியர், அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். புதுக்கால 35 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டால் ஃப்யூஸுக்கு முன் வயர் எரியும்.
- இக்னிஷனுக்கும் முகப்பு விளக்குக்கும் தொழிற்சாலை ஃப்யூஸே வைக்கவில்லை. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று பொருத்துங்கள். காரை நிறுத்திவிட்டுப் போகும்போது அணையுங்கள்.

டேப்பட்

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது. இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, சமதரையில் நான்காவது கியரில் காரை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் இன்ஜின் சுலபமாகச் சுழலும்.

எட்டு வால்வுகளை எந்த வரிசையில் பார்ப்பது என்பதற்கு ஒன்பது என்ற கூட்டுத்தொகையை வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் வால்வு முழுதாகக் கீழிறங்கி நிற்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்யலாம். 6 இறங்கும்போது 3, 4 இறங்கும்போது 5, 7 இறங்கும்போது 2 என்று போகும்; இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். கேஜைச் செருகி இழுத்தால் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகு கொஞ்சம் கூடவே சுழலும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம்.

கேஜ் சரியாகக் காட்டியும் ஒரு டேப்பட் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால், ராக்கரின் முகத்தில் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். கேஜ் குழியின் மேலாகப் பாலம்போல் படுத்துக்கொள்வதால் உண்மையான இடைவெளியைக் காட்டாது. அந்த ராக்கரை மாற்ற வேண்டியதுதான்.

பாயின்ட்டும் டைமிங்கும்

லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35–0.40 மி.மீ.). கேமின் உச்சியில் பாயின்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும்; குறைந்தால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும்; தீப்பொறியும் தாமதமாகும். கார் நாளுக்கு நாள் மந்தமாவது பல நேரங்களில் இதனால்தான். குதிகாலில் ஒரு துளி கிரீஸ் வையுங்கள். முனைகளில் எண்ணெய்ப் பசை ஒட்டக்கூடாது.

இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங். தொடக்க காலத்து உயர் கம்ப்ரெஷன் இன்ஜினுக்கு, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10° முன்னால் பாயின்ட் திறக்க வேண்டும். மற்ற இன்ஜின்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். ஒரு சிறு பல்பை டிஸ்ட்ரிபியூட்டரின் வயர் முனைக்கும் எர்த்துக்கும் இடையே கட்டிச் சாவியைப் போட்டால், பாயின்ட் திறக்கும் நொடியில் பல்பு எரியும். தீப்பொறி வரிசை 1-3-4-2.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அடித்தட்டை எர்த் செய்யும் சிறு வயர் ஒன்று உண்டு. தட்டு அசைய அசைய அது உள்ளுக்குள்ளே அறும்; வெளியே உறை முழுதாகவே தெரியும். காரணம் தெரியாத மிஸ்ஸிங் என்றால் அதை லேசாக இழுத்துப் பாருங்கள். வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சினால் தட்டு நகர வேண்டும். நகரவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது.

இன்று விற்கும் ரோட்டாரிலும் கண்டென்சரிலும் தரம் குறைந்தவை நிறைய. பித்தளைத் தகட்டை ரிவிட் அடித்துப் பொருத்திய ரோட்டாரைத் தவிர்த்து, ரிவிட் இல்லாததை வாங்குங்கள். புதிதாகப் போட்ட பாகம் ஆயிற்றே என்று அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் காரிலேயே வையுங்கள்.

எஸ்.யூ. கார்புரேட்டர்

இங்கே நிதானம் வேண்டும். எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் சகோதரர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கார்புரேட்டர். ஜாகுவார், ஆஸ்டின்-ஹீலி, எம்.ஜி. எனப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் பெரும் வரிசைக்கு அதுதான் மூச்சு. அதன் வேலை இப்படி: இன்ஜின் காற்றை இழுக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் மேலே எழுகிறது. பிஸ்டனின் அடியில் கூராகச் சீவிய ஊசி ஒன்று இருக்கிறது. பிஸ்டன் எழ எழ ஊசி ஜெட்டிலிருந்து வெளியே வரும், ஜெட்டின் துளை அகலும், பெட்ரோல் கூடும். காற்று எவ்வளவோ, பெட்ரோலும் அதற்குத் தக்க அளவு. வேகத்துக்கு ஏற்பக் கார்புரேட்டரின் வாய் தானாகவே அகலமாகிறது. இவ்வளவு குறைந்த பாகங்களைக் கொண்டு இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் அமைப்பு வியக்கத்தக்கது. அதை மதித்து நடத்தினால் அது ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடும்.

எம்.ஜி.பி.யில் முதல் பத்தாண்டு வந்தவை இரட்டை எச்.எஸ்.4. சரிசெய்யும் முறை:

1. சுத்தம். மேல் கிண்ணத்தையும் பிஸ்டனையும் பெட்ரோலால் துடையுங்கள். உப்புத்தாள் போடவே கூடாது. ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மற்றதன் கிண்ணத்தில் மாற்றிப் போடவும் கூடாது. இரண்டும் ஜோடியாகச் செய்யப்பட்டவை.
2. விழும் ஓசை. கிண்ணத்தின் உச்சியில் உள்ள டேம்பரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்ற ஓசையோடு விழ வேண்டும். தயங்கி இறங்கினால் ஊசி ஜெட்டில் உரசுகிறது. ஜெட்டை மையப்படுத்த வேண்டும்.
3. டேம்பர் ஆயில். 20ஆம் எண் இன்ஜின் ஆயில் போதும். டேம்பரைச் செருகும்போது மூடி உட்கார இன்னும் கால் அங்குலம் இருக்கையிலேயே ஆயிலின் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் இருமும்.
4. காற்றுச் சமநிலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, இரு கார்புரேட்டர்களையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயை ஒவ்வொரு வாயிலும் ஒரே இடத்தில் வைத்து, மறுமுனையைக் காதில் வையுங்கள். இரண்டிலும் சீறல் ஒரே அளவாகும்வரை ஐடிலிங் திருகுகளைச் சரிசெய்யுங்கள்.
5. கலவை. ஜெட்டின் அடியில் உள்ள ஆறுமுக நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். முதலில் இருந்து தொடங்குவதானால், ஜெட்டைக் கார்புரேட்டர் வாய்க்குள் உள்ள மேடையோடு சமமாக ஏற்றிவிட்டு இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு முகம் மட்டும்.
6. சோதனை. பிஸ்டனை 1/32 அங்குலம் (0.8 மி.மீ.) மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சரிசெய்யும் வேலை மூன்று நிமிடத்துக்கு மேல் நீண்டால் இடையில் இன்ஜினைச் சிறிது முறுக்கி விடுங்கள்.
7. கிளாம்பை இறுக்கி, சமநிலையை மறுபடி கேளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஐடிலிங் நிலைக்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டு தேய்ந்து, அதன் பக்கவாட்டில் காற்று புகுகிறது. எவ்வளவு திருகினாலும் தீராது. புதிய தண்டும் புஷ்ஷும் போட வேண்டும்.

இன்றைய பெட்ரோல்

பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் எத்தனால் 10 விழுக்காடுவரை இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது ஊதவைக்கும், அவற்றில் வெடிப்பு விழவைக்கும், நீரையும் ஈர்க்கும். இ5 வகையான உயர் ரக பெட்ரோலையே போடுங்கள். குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காரை எடுக்காதீர்கள்.

வழியில் நின்றால்

எப்படி நின்றது என்பதே பாதி விடை. சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் தீப்பொறி. திணறித் திணறி நின்றால் பெட்ரோல். சாவியைப் போட்டுக் காது கொடுங்கள். எஸ்.யூ. மின்பம்ப் 'டிக் டிக்' என்று வேகமாகத் தட்டி, கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணங்கள் நிறைந்ததும் நிற்க வேண்டும். தட்டவே இல்லை என்றால் அதன் பாயின்ட்டோ எர்த்தோ காரணம். பம்பை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் வீடு போய்ச் சேரும்வரை ஓடலாம். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது காற்றை இழுக்கிறது, அல்லது டாங்கில் பெட்ரோல் இல்லை. சூடானதும் நின்று ஆறியதும் ஓடினால் காயிலையும் கண்டென்சரையும் சந்தேகப்படுங்கள்.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: பாயின்ட் செட், ரோட்டார், கண்டென்சர், பிளக், ஃப்யூஸ், கொஞ்சம் வயர், மல்டிமீட்டர், தீயணைப்பான்.

உயிரோடு தொடர்புடையவை

மேலே சொன்னவற்றில் தவறினால் கார் நிற்கும். இங்கே தவறினால் நிற்க வேண்டிய கார் நிற்காது.

*கிரீஸ்:* எம்.ஜி.பி.யின் முன்சக்கரக் கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று நிப்பிள்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, புது கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள்.

*டிரையம்ஃப் வைத்திருப்போர் கவனத்துக்கு:* ஸ்பிட்ஃபயரில் முன்சக்கரத் தண்டின் மறை திருகி நிற்கும் டிரன்னியனுக்கு கிரீஸ் கூடாது. இபி90 கியர் ஆயில்தான். கிரீஸ் இறுகி மறைக்குள் போகாமல் நிற்கும். உள்ளே துரு தின்னும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். ஸ்பிட்ஃபயரின் அடிப்படை டிரையம்ஃப் ஹெரால்டு. அதே ஹெரால்டு சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாகத் தயாரானது. அந்தக் காரை இன்னும் வைத்திருப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

*பிரேக்:* டாட் 4 பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அதில் இன்ஜின் ஆயில் கலந்தால் ரப்பர் சீல்கள் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும்.

*கம்பிச் சக்கரம்:* நடுவே உள்ள பெரிய மூடி, கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையில் திருகினால் கழலும். இடப்பக்க ஹப்பை வலப்பக்கம் மாற்றிப் பொருத்தினால் ஓட ஓடத் தானே கழன்றுவிடும். பற்களில் கிரீஸ் தடவி, செம்புச் சுத்தியலால் இறுக்குங்கள்.

*துரு:* எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் இல்லை, பாடியே சட்டகம். திறந்த காரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முன்பாதியையும் பின்பாதியையும் தாங்குகிறது. காரை ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினாலோ கதவு திறக்க மறுத்தாலோ சில் உள்ளே மக்கிவிட்டது. வெல்டிங்குக்கு முன் கதவு வாயிலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைத்துத் தாங்கல் கொடுக்கச் சொல்லுங்கள்; இல்லாவிட்டால் பாடி தொய்ந்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். மீட்கவே முடியாத கார்களுக்கு, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் எம்.ஜி.பி.யின் முழு பாடியையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து தருகிறது.

கால அட்டவணை

- ஒவ்வொரு வாரமும்: இன்ஜின் ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில், டயர் காற்று, எல்லா விளக்குகளும்.
- 3,000 மைல் அல்லது ஆண்டுக்கு ஒருமுறை: 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும், எல்லா கிரீஸ் நிப்பிள்களும், பாயின்ட், டைமிங், டேம்பர் ஆயில்.
- 6,000 மைல்: டேப்பட், பிளக், கார்புரேட்டர் சமநிலை, பிரேக் லைனிங்.
- இரண்டு ஆண்டு: பிரேக், கிளச் ஆயில்; கூலண்ட்; எல்லா ரப்பர் குழாய்களையும் வளைத்துப் பார்ப்பது.

ஒவ்வொரு முறையும் திருத்துவதற்கு முன் இருந்த அளவைத் தேதியோடும் மைலோடும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்கள்தான் அடுத்த கோளாறை முன்கூட்டிச் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஈயம் கலந்த பெட்ரோல் பிரிட்டனின் பங்க்குகளிலிருந்து 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு போய்விட்டது. பழைய இரும்பு ஹெட்டின் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே பாதுகாப்பாக இருந்தது. அது இல்லாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு மெல்ல மெல்ல ஹெட்டுக்குள் புதையும். புதையப் புதைய டேப்பட் இடைவெளி குறையும். 1, 4, 5, 8 ஆகிய எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளி ஒவ்வொரு சர்வீஸிலும் குறைந்துகொண்டே போவதாக நோட்டு காட்டினால், ஹெட்டைக் கழற்றிக் கெட்டிப்படுத்திய இருக்கைகளைப் பொருத்தும் காலம் வந்துவிட்டது. வால்வு எரிந்து, சிலிண்டர் ஒன்று செத்து, நெடுஞ்சாலையில் நின்ற பிறகு தெரிய வேண்டியது, ஓராண்டு முன்னதாகவே ஃபீலர் கேஜ் நுனியில் தெரிந்துவிடும்.